மயிலாப்பூரில் 2 கிரவுண்டு, பழைய வீடு; ஸ்டில்ட் + 5 என்கிறார் பில்டர். கணக்கு சரிதானா?

மாடவீதி_மனை கேட்டது:

இடம் மயிலாப்பூர், மாட வீதியிலிருந்து நடக்கிற தூரம். மனை 40 x 120 அடி. பத்திரத்தில் முன் தெரு 30 அடி என்று இருக்கிறது. டேப் வைத்து அளந்தால் மனைக்கு நேரே 30, தெரு முனையில் 26. மேலே இருப்பது மெட்ராஸ் டெரஸ் வீடு, தரைத்தளம் மட்டும். கிழக்கே அதே வயதுள்ள வீடு, நடுச்சுவர் இரண்டு வீட்டுக்கும் பொது. மேற்கே 90-களில் கட்டிய மூன்று மாடி ஃபிளாட், எல்லையிலிருந்து நாலடி தள்ளி நிற்கிறது.

பில்டர் சொல்வது: ஜாயின்ட் வென்ச்சர், பாதிக்குப் பாதி. ஸ்டில்ட் (கார் நிறுத்தத் தூண் மட்டும் உள்ள கீழ்த்தளம்) + 5 மாடி, 12 ஃபிளாட், மொத்தம் 12,480 சதுர அடி. "எஃப்எஸ்ஐ 2, அதோடு பிரீமியம் 30 சதவீதம், எல்லாம் விதிப்படிதான்" என்கிறார். எஃப்எஸ்ஐ என்றால் மனைப் பரப்பைப் போல எத்தனை மடங்கு கட்டலாம் என்ற அளவாம், பிரீமியம் என்றால் அரசுக்குப் பணம் கட்டி வாங்கும் கூடுதலாம். உரிமையாளர்கள் மூன்று பேர், உடன்பிறந்தவர்கள்.

இந்த அளவு மனையில் இவ்வளவு நிற்குமா? பொதுச்சுவர் உள்ள பக்கம் என்ன பிரச்சினை வரும்? ஒப்பந்தத்தில் எதை விட்டுவிடக் கூடாது?

கோடு_கட்டம் பதில்:

எஃப்எஸ்ஐ பெருக்கல் சரி. 4,800 சதுர அடி என்றால் 446 ச.மீ., இரண்டு மடங்கு 892 ச.மீ., 30 சதவீதம் சேர்த்தால் 1,160 ச.மீ., அதாவது அவர் சொல்லும் 12,480 சதுர அடி. ஆனால் சின்ன மனையில் எவ்வளவு கட்டலாம் என்பதை எஃப்எஸ்ஐ முடிவு செய்வதில்லை. ரோடும் செட்பேக்கும் (எல்லையிலிருந்து விட வேண்டிய காலி இடம்) கார் திரும்பும் இடமும்தான் முடிவு செய்யும். அவர் இந்த மூன்றையும் பேசவே இல்லை.

முதலில் ரோடு. தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் 2019-ல் பிரீமியம் எஃப்எஸ்ஐ ரோடு அகலத்தோடு கட்டிப்போடப்பட்டிருக்கிறது: 9 மீட்டரிலிருந்து 30 சதவீதம், 12 மீட்டரிலிருந்து 40, 18 மீட்டருக்கு மேல் 50. 9 மீட்டருக்குக் கீழே கிடையாது. 30 அடி என்பது 9.14 மீ., தப்பிக்கிறது. 26 அடி 7.9 மீ. பிளான் போய்ச் சேர்ந்ததும் இன்ஸ்பெக்‌ஷனில் உங்கள் வாசலை மட்டும் அளக்கமாட்டார்கள், மெயின் ரோட்டிலிருந்து மனை வரை வரும் தெருவைப் பார்ப்பார்கள். முனையில் யாரோ திண்ணையை நீட்டியிருந்தாலும் நஷ்டம் உங்களுக்குத்தான். ஆகவே 30 சதவீதத்தை இப்போதைக்குக் கையில் இல்லாத பணமாக நினையுங்கள்.

அடுத்து செட்பேக். 12,480 சதுர அடியை 5 மாடியில் பிரித்தால் மாடிக்கு 232 ச.மீ. முன்னும் பின்னும் 3 மீ. விட்டால் கட்டட நீளம் 30.6 மீ. அப்படியானால் அகலம் 7.6 மீ. மனை அகலம் 12.2 மீ., எனவே பக்கத்துக்கு 2.3 மீ.தான் மிஞ்சுகிறது. 18 மீட்டர் உயரக் கட்டடத்துக்கு அது போதுமா என்று விதி 35-ன் அட்டவணையை வைத்துக்கொண்டு அவரிடமே கேளுங்கள். திருத்தங்கள் அடிக்கடி வருவதால் கடைசித் திருத்தத்தோடு உள்ள பிரதி வேண்டும். ஸ்கெட்சில் பக்க செட்பேக் எண்ணே இல்லை என்றால் அதைப் பேச்சுவார்த்தைக்கே எடுக்காதீர்கள்.

இனி இரண்டு கணக்கு. உயரம் கூடக் கூட செட்பேக்கும் கூடும் என்பதால், உதாரணத்துக்கு உயரமான கட்டடத்துக்குப் பக்கம் 3 மீ., 12 மீட்டருக்குள் நிற்பதற்கு 1.5 மீ. என்று வைக்கிறேன். உங்கள் அட்டவணை எண்ணைப் போட்டு மறுபடி செய்து பாருங்கள்.

உயரமானது: அகலம் 6.2, நீளம் 30.6, மாடிக்கு 190 ச.மீ. 892-ஐத் தொட 5 மாடி வேண்டும், அப்போது மாடிக்கு 178. படிக்கட்டு, லிஃப்ட், தாழ்வாரம் சேர்த்து மாடிக்கு 28 ச.மீ. போனால் மீதியில் 810 சதுர அடி அளவில் இரண்டிரண்டாக 10 ஃபிளாட்.

தாழ்ந்தது: அகலம் 9.2, பின்னால் 1.5 விட்டால் நீளம் 32.1, மாடிக்கு 295 ச.மீ. மூன்றே மாடியில் 885. அதாவது ஸ்டில்ட் + 3-லேயே எஃப்எஸ்ஐ கிட்டத்தட்டத் தீர்ந்துவிடுகிறது. முன்னொன்று பின்னொன்றாக 6 ஃபிளாட், ஒவ்வொன்றும் 1,400 சதுர அடிக்குக் குறையாது.

இரண்டு மாடி அதிகம் கட்டி, இரண்டு மாடிக்கான சென்ட்ரிங், கம்பி, லிஃப்ட் ஸ்டாப், பைப் எல்லாம் செலவழித்து, கிடைக்கும் பரப்பு அதே 892! பில்டர் ஏன் உயரத்தைச் சொல்கிறார் என்றால் 810 சதுர அடி வீடு சீக்கிரம் விற்கும். அவருக்கு அது நியாயம். பாதிப் பங்கைத் தாங்களே வைத்துக்கொள்ளப் போகிற மூன்று பேருக்கு அது நியாயமா என்பது வேறு.

கார் விஷயத்தில்தான் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். ஒரு காருக்கு 2.5 x 5 மீ. தாழ்ந்த கட்டடத்தில் ஸ்டில்ட் அகலம் 9.2, ஒரு பக்க செட்பேக் 1.5-ஐச் சேர்த்து 10.7, கார் 5 மீ. போக ஓடுபாதை 5.7 மீ. ஒரே திருப்பில் உள்ளே போகும். உயரமானதில் 6.2 + 3 = 9.2, கார் போக 4.2 மீ. அதுவும் தூண் வரிசை எங்கே விழுகிறதோ அதைப் பொறுத்து. மூன்று முறை முன்னே பின்னே எடுத்தால்தான் நுழையும், பெரிய வண்டி என்றால் அதுவும் இல்லை. 10 கார் வரிசையாக 25 மீ., நடுவில் படிக்கட்டும் லிஃப்ட்டும் 5 மீ.; 30.6-ல் 30 போச்சு. டூவீலர், டிரான்ஸ்பார்மர், ஜெனரேட்டர், மீட்டர் போர்டு எல்லாம் எங்கே என்று கேட்டால் "அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்" என்பார்கள்.

தாழ்ந்த கட்டடத்துக்கும் ஒரு குறை உண்டு. 1.5 மீ. இடைவெளியில் 32 மீ. நீளக் கட்டடம், நடுவில் உள்ள அறைகளுக்கு வெளிச்சம் வராது. படிக்கட்டை நடுவில் வைத்து, அதை ஒட்டி மேற்குப் பக்கம் ஒரு வெட்டு கொடுங்கள், 2 x 3 மீட்டராவது. கழிவறைகளும் சமையலறைகளும் அதைப் பார்க்கட்டும். மாடிக்கு 6 ச.மீ. போகும், போகட்டும்.

பைல்_கேப் பதில்:

மேலே சொன்ன கணக்கோடு ஒத்துப்போகிறேன். கிழக்குச் சுவர் பற்றி மட்டும்.

மெட்ராஸ் டெரஸ் என்பது தேக்குச் சட்டங்களின் மேல் சிறு செங்கலைக் குத்துவாக்கில் அடுக்கி, சுண்ணாம்புக் காரை போட்டு இறுக்கிய தளம். இரண்டு வீட்டின் சட்டங்களும் பொதுச்சுவரில் இரு பக்கமிருந்தும் குத்தி நிற்கும். உங்கள் பக்கத்துச் சட்டத்தை உருவினால் சுவரில் வரிசையாகப் பொந்து, ஒரு பக்கத் தாங்கலும் போச்சு. அந்தச் சுவர் பல வருஷம் வெயில் மழை பார்க்காத உள்சுவர். முதல் மழையில் ஊறும், பக்கத்து வீட்டுக் கூடத்தில் ஈரம் இறங்கும், பிறகு காரை உதிரும்.

எனவே பிரேக்கர், ஜேசிபி இரண்டும் அந்தச் சுவரிலிருந்து குறைந்தது 3 மீட்டருக்குள் வரக்கூடாது. அந்தப் பட்டையைக் கடப்பாரை, சுத்தியலால் மேலிருந்து கீழாக எடுக்க வேண்டும். சட்டம் உருவும் முன்பே சுவருக்குச் சாய்முட்டு, 2.5 முதல் 3 மீட்டருக்கு ஒன்று. பொந்துகளைச் செங்கல்லும் சுண்ணாம்புக் கலவையும் வைத்து அடைத்து, வெளிப்பூச்சும் சுண்ணாம்பிலேயே. சிமெண்ட் பூசினால் பளபளவென்று இருக்கும். உள்ளே ஈரம் சிக்கி, செங்கல் முகத்தோடு தகடாகக் கழன்று வரும். இடிக்கும் கான்ட்ராக்டர் தேக்குக்காகத்தான் வருகிறார், பணமும் உங்களுக்குத் தருவார். தேக்கை முதலில் எடுக்கத்தான் அவசரப்படுவார். வரிசையை நீங்கள் எழுதிக் கொடுங்கள்.

தோண்டுவது அடுத்தது. அந்தக் காலத்து வீட்டு அஸ்திவாரம் பெரும்பாலும் மூன்று நாலடி ஆழத்துக்கு மேல் போகாது, படிப்படியான செங்கல் கட்டுமானம். அதன் அடிவிளிம்பிலிருந்து 45 டிகிரியில் உங்கள் மனைக்குள் ஒரு கோடு இழுங்கள். அந்தக் கோட்டுக்குக் கீழே எதைத் தோண்டினாலும் அவர் வீட்டு மணலைத்தான் எடுக்கிறீர்கள். கடலோர மணல், ஈரமாக இருக்கும்வரை செங்குத்தாக நிற்கும், மதிய வெயிலில் காய்ந்ததும் சரியும். வேறு வழியில்லாமல் அங்கே தோண்ட வேண்டி வந்தால் 1.2 மீ. நீளத் துண்டுகளாக, ஒன்று விட்டு ஒன்று. ஒரு துண்டில் கான்கிரீட் ஏறிய பிறகு அடுத்தது.

அஸ்திவாரம் பைலா (ஆழத்துக்கு இறக்கும் கான்கிரீட் தூண்) ராஃப்டா (கட்டடம் முழுக்க அடியில் விரியும் கான்கிரீட் தளம்) என்பதை மண் பரிசோதனை சொல்லட்டும், குறைந்தது 2 போர்ஹோல் (சோதனைத் துளை), ஒன்று கிழக்கு ஓரத்தில். ஸ்டில்ட் + 3 என்றால் ராஃப்ட் போதும் என்று வர வாய்ப்பு உண்டு, ஆழம் தோண்டாமல் தப்பலாம். பைல் என்றே வந்தால் அடித்து இறக்கும் பைல் வேண்டாம், சுண்ணாம்புச் சுவர் தாங்காது. நம்மூரில் வழக்கமான டிஎம்சி போர் பைல் (களிமண் குழம்பை ஓடவிட்டுத் துளைபோட்டு, கான்கிரீட் நிரப்புவது) போடலாம், ஆனால் குழிச்சுவரைத் தாங்கும் அந்தக் குழம்பை, பெண்டோனைட்டை, யாராவது பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அடர்த்தி 1.03-க்குக் கீழே போய்த் தண்ணியானால் குழிச்சுவர் உள்ளே சரியும்.

சரிந்ததா என்று கண்ணால் தெரியாது. கான்கிரீட் சொல்லிவிடும். 450 மி.மீ. விட்டம், 12 மீ. ஆழம் என்றால் கணக்குப்படி 1.91 கன மீட்டர். 2.1 குடித்தால் சகஜம். 2.5 குடித்தால் அந்த உபரி எங்கே போயிற்று? குழிக்குப் பக்கத்தில் ஏற்பட்ட பள்ளத்துக்கு. அங்கேதான் பக்கத்து வீட்டு அஸ்திவாரம் இருக்கிறது. அன்றைக்கே அடுத்த பைலை நிறுத்தி, மேல் 3 மீட்டருக்கு கேசிங் (இரும்புக் குழாய்) இறக்கித்தான் தொடர வேண்டும். ஒவ்வொரு பைலுக்கும் கான்கிரீட் அளவை எழுதும் நோட்டு சைட்டில் இருக்க வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே போடுங்கள். அந்தக் கழிவுச் சேற்றை மழைநீர் வடிகாலில் விட்டால் மாநகராட்சி வேலையை நிறுத்தும், அதையும் சேர்த்து எழுதுங்கள்.

ஸ்டில்ட் தளம் சுவரில்லாமல் தூண் மட்டும் நிற்பதால் நில நடுக்கத்தில் அங்கேதான் ஒடியும். நில நடுக்கத்துக்கான இந்தியத் தரவிதி ஐஎஸ் 1893 திறந்த ஸ்டில்டுக்குத் தனியாக ஏற்பாடு கேட்கிறது. லிஃப்ட் சுவர்களைக் கான்கிரீட்டில் எடுப்பது நல்லது, ஆனால் லிஃப்ட் ஒரு மூலையில் இருந்தால் கட்டடம் முறுக்கிக்கொள்ளும். நடுவில் படிக்கட்டு என்று கோடு_கட்டம் சொன்னது இதற்கும் பொருந்தும்.

மாடவீதி_மனை:

நன்றி சார், இருவருக்கும். கார் இடம் போதாவிட்டால் ஒரு பேஸ்மென்ட் போட்டுவிடலாம் என்று பில்டர் தரப்பில் சொல்கிறார்கள். கிழக்கு வீட்டுக்காரர் ஏற்கெனவே "சுவர் விரிசல் விட்டா யார் பொறுப்பு" என்று கேட்டுவிட்டார். அந்த வீட்டில் இப்போதே விரிசல்கள் இருக்கின்றன.

கோடு_கட்டம்:

பேஸ்மென்ட் வேண்டாம். சாய்தளம் 1-க்கு 8-ஐ விடச் செங்குத்தாக இருக்கக் கூடாது. 3 மீ. இறங்க 24 மீ. ஓட வேண்டும். உங்கள் மனையின் நீளமே 36.6. கீழே போய்ச் சேரும்போது பின்சுவர் வந்துவிடும். கார் லிஃப்ட் போடலாம், மின்சாரம் போனால் பத்து வண்டியும் சிறை.

பைல்_கேப்:

அதோடு தண்ணீர். அங்கே நீர்மட்டம் மேலே, மழைக்காலத்தில் இன்னும் மேலே. பம்ப் போட்டு இறைத்தால் தண்ணீரோடு நைஸ் மணலும் வரும், அதுவும் இரண்டு பக்கத்து வீட்டின் அடியிலிருந்து. ஓடும் தண்ணீரை ஒரு கண்ணாடி டம்ளரில் பிடித்து பத்து நிமிஷம் வையுங்கள். அடியில் மணல் படிந்தால் பம்பை உடனே நிறுத்துங்கள்.

பேஸ்மென்ட்டுக்கு எல்லோரும் பயப்படுவார்கள், சம்ப்புக்கு (நிலத்தடித் தண்ணீர்த் தொட்டி) யாரும் பயப்பட மாட்டார்கள். பக்கத்து வீடு விரிசல் விடுவதற்கு பெரும்பாலும் அதுதான் காரணம். உதாரணத்துக்கு 8 குடும்பம், குடும்பத்துக்கு 5 பேர், ஆளுக்கு 135 லிட்டர் என்றால் நாளுக்கு 5,400. இரண்டு நாள் இருப்புக்கு சுமார் 11,000 லிட்டர். உள்ளளவு 3 x 2 x 2 மீ. இடம் வீணாகக் கூடாது என்று எல்லை ஓரத்தில் வைப்பார்கள். ஆழம் 2.2 மீ., அதாவது கிழக்கு வீட்டு அஸ்திவாரத்துக்கு இரு மடங்கு. வரைபடத்தில் சம்ப், லிஃப்ட் குழி, கழிவுநீர்த் தொட்டி மூன்றும் கிழக்கு எல்லையிலிருந்து 3 மீட்டராவது தள்ளி இருக்கிறதா பாருங்கள்.

அதே சம்ப் இன்னொரு விதத்திலும் ஏமாற்றும். 200 மி.மீ. சுவரும் அடித்தளமும் சேர்ந்து எடை சுமார் 15 டன். ஐப்பசி கார்த்திகையில் நீர்மட்டம் தரை வரை ஏறினால் மேல்நோக்கித் தள்ளும் விசை 18 டன். மூடி போடாமல் காலியாக விட்டால் படகு மாதிரி மேலே வந்துவிடும். மழைக்கு முன் மூடி போடுங்கள், அல்லது தண்ணீர் நிரப்பி வையுங்கள்.

வில்லங்கம்_30 பதில்:

விரிசல் கேள்விக்கு: இடிப்பு தொடங்கும் முன்பே கிழக்கு, மேற்கு இரண்டு கட்டடத்திலும் அறை அறையாகப் போட்டோ, ஒவ்வொரு விரிசலின் மேலும் ஸ்கேல் வைத்து. விரிசலின் இரு முனையிலும் பென்சிலால் கோடு, தேதி. முக்கியமான ஐந்தாறு விரிசலின் குறுக்கே கண்ணாடித் துண்டு ஒட்டிவிடுங்கள், அசைந்தால் உடையும். எல்லாவற்றையும் ஒரே கோப்பாக்கி இரு தரப்பும் கையெழுத்து, ஆளுக்கொரு பிரதி. இது அவருக்குப் பாதுகாப்பு என்பதைவிட உங்களுக்குப் பாதுகாப்பு. இல்லாவிட்டால் முப்பது வருஷ விரிசலும் உங்கள் கணக்கில் ஏறும்.

"என் மனையில் நான் தோண்டுகிறேன்" என்ற வாதம் கோர்ட்டில் நிற்காது. 1882-ம் ஆண்டு வசதியுரிமைச் சட்டத்தில், பக்கத்து மண் நம் மண்ணைத் தாங்குவது 7-ம் பிரிவிலேயே இயற்கை உரிமை. மண்மேல் நிற்கும் கட்டடத்துக்கான தாங்கல் 15-ம் பிரிவுப்படி 20 வருஷ அனுபவத்தால் வருவது. அந்த வீட்டுக்கு அது எப்போதோ வந்துவிட்டது. வெளிச்சம், காற்றுக்கும் அதே 20 வருஷம்; மேற்கு ஃபிளாட் ஜன்னல்களுக்கு அந்த உரிமை உண்டு என்று எடுத்துக்கொண்டே பிளான் போடுங்கள்.

ஆவணம்: பத்திரம், பட்டா, டவுன் சர்வே பதிவேடு, தரையில் உள்ள அளவு, நான்கில் எது குறைவோ அதை வைத்துத்தான் எஃப்எஸ்ஐ. பொதுச்சுவரின் பாதி யாருடையது என்பதில் 9 அங்குலம் போகலாம். 120 அடி நீளத்துக்கு அது 90 சதுர அடி. இடித்த பிறகு அளந்தால் சாட்சி இருக்காது, இப்போதே கிழக்கு வீட்டுக்காரரையும் வைத்துக்கொண்டு அளந்து எழுதிக்கொள்ளுங்கள். மெட்ரோ சுரங்கம் அந்தப் பக்கம் போவதால் தடத்திலிருந்து எவ்வளவு தூரம் என்று பார்த்து சிஎம்ஆர்எல் (சென்னை மெட்ரோ நிறுவனம்) தடையின்மைச் சான்று வேண்டுமா என்பதையும் பில்டர் எழுத்தில் சொல்லட்டும்.

ரெரா, அதாவது ஃபிளாட் விற்பனைத் திட்டங்களைப் பதிவு செய்யச் சொல்லும் ரியல் எஸ்டேட் சட்டம். அதன் 3-ம் பிரிவில், நிலம் 500 ச.மீ.க்கு மேற்படாவிட்டால் பதிவு வேண்டாம் என்று இருக்கிறது. உங்களுடையது 446. பில்டர் இதை நல்ல செய்தி மாதிரி சொல்வார். வாங்குவோர் பணத்தில் 70 சதவீதத்தைத் தனிக் கணக்கில் வைக்கும் கட்டாயம் இல்லை, அவ்வளவுதான் அர்த்தம். பணம் வேறு சைட்டுக்குப் போனால் உங்கள் கட்டடம் இரண்டாம் மாடியில் நிற்கும். அந்த நிபந்தனையை நீங்களே ஒப்பந்தத்தில் போடுங்கள். பவர் பத்திரத்தை முழுசாகக் கொடுக்காதீர்கள்: அஸ்திவாரம் முடிந்தால் பில்டர் பங்கின் பிரிபடாத நிலப் பாகத்தில் இத்தனை, ஒவ்வொரு தளம் போட்டதும் இத்தனை, கடைசித் துண்டு நிறைவுச் சான்று கைக்கு வந்த பிறகு.

நிறைவுச் சான்று என்றதும் இன்னொன்று. 8 குடியிருப்பு, 750 ச.மீ., 14 மீ. உயரத்துக்குள் இருந்தால் அந்தச் சான்று தேவையில்லை என்று 2024-ல் விலக்கு வந்தது. "750-க்குள் அடக்கினால் அந்த அலைச்சலே இல்லை" என்று யாராவது யோசனை சொல்லக்கூடும். இங்கேதான் வரி இடிக்கும். தனிநபர் பதிவு செய்த கூட்டு ஒப்பந்தத்தில் நிலத்தைக் கொடுத்தால், மூலதன ஆதாய வரி ஒப்பந்தம் போட்ட வருஷத்தில் வராது, நிறைவுச் சான்று கிடைத்த வருஷத்தில்தான் வரும். 1961 சட்டத்தில் பிரிவு 45(5ஏ). 2026 ஏப்ரலிலிருந்து புதுச் சட்டம், பிரிவு எண் வேறு. சலுகை முழுக்க அந்தச் சான்றின் தேதியில் தொங்குகிறது. சான்றே வாங்காத கட்டடத்துக்குத் தேதி எது? விலக்கு இருந்தாலும் கேட்டு வாங்குவதே மேல். சான்று வரும் முன் மூவரில் ஒருவர் தன் பங்கு ஃபிளாட்டை விற்றால் அவருக்கு அந்தச் சலுகை போய்விடும். அது மூன்று பேருக்கும் இன்றே தெரிந்திருக்க வேண்டும். பில்டர் ரொக்கமாக ஏதாவது கொடுத்தால் அதில் 10 சதவீதம் டிடிஎஸ் பிடிப்பார், குழம்பாதீர்கள்.

885 ச.மீ. கட்டடத்துக்கு எப்படியும் சான்று கட்டாயம். அது இல்லாமல் நிரந்தர மின் இணைப்பு கிடையாது. தற்காலிக இணைப்பின் கட்டணத்தை யார் எத்தனை மாதம் கட்டுவது என்று ஒரு வரி சேருங்கள்.

கோடு_கட்டம்:

அந்த 9 அங்குலம் பற்றி: கிழக்குப் பக்கம் செட்பேக்கைச் சுவரின் நடுவிலிருந்து அளந்தா, உங்கள் பக்க முகத்திலிருந்து அளந்தா என்று வரைபடத்தில் எழுதச் சொல்லுங்கள். 1.5 மீட்டரில் 23 செ.மீ. குறைந்தாலும் நிறைவுச் சான்றின்போது டேப் வைப்பவர் அங்கேதான் வைப்பார்.

மாடவீதி_மனை:

புரிந்தது. ஸ்டில்ட் + 3-க்கு செட்பேக் எண்களோடு புது ஸ்கெட்ச் கேட்டிருக்கிறோம். சம்ப் மேற்கு முன்மூலையில்.

பைல்_கேப்:

மேற்கு ஃபிளாட்டின் சம்ப் எந்த மூலையில் இருக்கிறது என்று முதலில் பாருங்கள். நாலடி தள்ளி நிற்கும் கட்டடம், அந்த நாலடியில்தான் தோண்டியிருப்பார்கள்.